ஆஸ்டியோபதிப் படிப்பு: நான்காண்டு முடிந்து வெளியே வந்தபின் எது கையில் தங்குகிறது

எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் தொட்டறிந்து சிகிச்சை தரும் முறையான ஆஸ்டியோபதியைப் படித்து முடித்துப் பத்து, இருபது ஆண்டுகள் ஆனவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு பாடத்திட்டத்தின் பக்கம் போவதே இல்லை. எந்த ஆசிரியர் கையின் மேல் கை வைத்துத் திருத்துவார், யார் மேசையின் உயரத்தைப் பார்த்தே முகம் சுளிப்பார், எலும்புப் பைக்குள் கையை விட்டு முதல் விலாவை எத்தனை பேர் தலைகீழாகச் சொன்னார்கள் என்றுதான் போகும். அது வெறும் பழம்பேச்சு இல்லை. இந்தப் படிப்பில் எது தேறுகிறது, எது உதிர்ந்துவிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்த மதிப்பீடு. எந்த ஒரு கல்லூரியைப் பற்றியதும் அல்ல; இந்தப் பயிற்சி என்ற சேவையைப் பற்றியது.

முதலில் அளவைச் சொல்லிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பயிற்சி வரையறை, மருத்துவப் பின்னணி இல்லாமல் நேராகச் சேர்பவர்களுக்கு 4200 மணி நேரம் வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பதில் கழிய வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதி, அறுவை சிகிச்சையும் செய்யும் முழு மருத்துவர். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டு, பெரும்பாலும் கையாலேயே சிகிச்சை தருபவர். பெயர் ஒன்று, தொழில் இரண்டு. இங்கே பேசுவது இரண்டாவது வகைப் படிப்பை. வார இறுதிப் பட்டறைகளில் தரும் சான்றிதழ்களை இதோடு சேர்த்துப் பேச முடியாது. அங்கே சொல்லித்தரும் அசைவுகள் உண்மையானவையாக இருக்கலாம். அவற்றை யாருக்குச் செய்யக்கூடாது என்று அறிவதற்கான மணி நேரம் அங்கே இல்லை.

இந்தத் தொழில் கைக்குக் கை வந்தது. இதைத் தோற்றுவித்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கியபோது, எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித் என்ற மருத்துவரை உடற்கூறு சொல்லித்தர வைத்துக்கொண்டார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். அங்கே படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் பள்ளி நிறுவினார். அதே கிர்க்ஸ்வில்லில் 1900-இல் படித்து முடித்த வில்லியம் கார்னர் சதர்லாந்து, மண்டையோட்டுச் சிகிச்சையின் மூலவர் ஆனார். இன்றைக்கும் யாரிடம் படித்தீர்கள் என்ற கேள்விதான் இந்தத் துறையில் அறிமுகத்தின் இரண்டாவது வாக்கியம். இதில் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. ஆசிரியரின் கைத்திறன் மாணவருக்கு இறங்குவது போலவே, ஆசிரியரின் பிழையான நம்பிக்கையும் சேர்ந்தே இறங்கும்.

உடற்கூறு வகுப்பிலிருந்து தொடங்கலாம். நான்காண்டில் மதிப்புக் குறையாமல் நிற்கும் பகுதி இது. முதல் ஆண்டில் அரை எலும்புக்கூடு ஒரு பெட்டியில் வைத்துத் தருவார்கள். நல்ல ஆசிரியர் அதைத் துணிப்பையில் போட்டுவிட்டு, பார்க்காமல் கையை விட்டு எடுக்கச் சொல்வார்: என்ன எலும்பு, வலமா இடமா, மேல்புறம் எது, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது. முள்ளெலும்புகளை இந்த முறையில் படித்தவருக்கு மூட்டு முகங்களின் சாய்வு விரலிலேயே பதிந்துவிடும். கழுத்தில் அந்த முகங்கள் கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்கும், மார்புப் பகுதியில் 60, இடுப்பில் 90. கழுத்து ஏன் தாராளமாகத் திரும்புகிறது, இடுப்பு ஏன் திரும்ப மறுத்து முன்பின்னாக மட்டும் மடங்குகிறது என்பது இந்த மூன்று எண்ணில் அடங்கியிருக்கிறது. பின்னாளில் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடுமாறும்போது கைகொடுப்பது இதுதான்.

பிளாஸ்டிக் எலும்பு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவான வார்ப்புகளில் நுணுக்கமான மேடு பள்ளங்கள் வழித்து எடுத்தது போல் மழுங்கியிருக்கும். முதல் விலாவின் மேல்புறத்தில் கழுத்திலிருந்து இறங்கும் ஸ்கேலின் தசை ஒட்டும் சிறு மேடும், அதன் முன்னும் பின்னும் இரத்தக் குழாய்கள் போகும் பள்ளங்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை இல்லையென்றால் அந்த எலும்பை வைத்துக் கை மரத்துப்போவதன் காரணத்தைப் படிக்க முடியாது. கல்லூரியில் பாடம் செய்த உடல்களைப் பார்க்க வாய்ப்பிருக்கிறதா என்பதும் முக்கியம். இடுப்பின் பின்புறம் தசைகளைப் போர்த்திப் படரும் தோராகோலம்பார் உறையை ஒரு முறை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தவர், அதைப் படத்தில் மட்டும் பார்த்தவரைப் போலத் தொடமாட்டார்.

அடுத்தது தொட்டறிதல். படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழைய மாணவர்கள் அதிகம் பேசுவதும் இதைத்தான். தலைமுடி ஒன்றை மெல்லிய தாளுக்கடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடும் பயிற்சி ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அதைச் செய்யும் விதத்தில்தான் ஆசிரியரின் தரம் தெரியும். விரல் நுனியால் தேடக்கூடாது. நகத்துக்கு எதிர்ப்புறம் உள்ள சதைப்பற்றான பகுதியால் தேட வேண்டும். முடியின் நீளவாக்கில் போனால் ஒன்றும் தெரியாது, குறுக்கே போக வேண்டும். ஒரு தாளில் கிடைத்ததும் இரண்டு, பிறகு மூன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். முடி தொலைந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் உந்துதல் இன்னும் கொஞ்சம் அழுத்துவது. அழுத்த அழுத்தத் தாள் முடியைச் சுற்றி நெளிந்து அந்த மேடே மறைந்துபோகும். விரலின் உணர்வும் மந்தமாகும். அப்போது ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் மாணவரின் மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் தூக்குவார். எடை குறைந்ததும் முடி திரும்பத் தெரியும். குறைவாகத் தொட்டால் நிறையத் தெரியும் என்பதை ஆயிரம் முறை வாயால் சொன்னாலும் அந்த ஒரு தூக்கலுக்கு ஈடாகாது.

அழுத்தத்தின் அளவையும் கற்றுத்தர வேண்டும். எடை பார்க்கும் தராசை மேசையில் வைத்து, பார்க்காமல் அரை கிலோ அழுத்து, ஒரு கிலோ அழுத்து என்று பழக்கும் பள்ளிகள் உண்டு. எளிய பயிற்சி, செலவில்லாதது, ஆனாலும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். விரல் நகத்தின் முனை வெளுக்கும் அளவு அழுத்தினால் அது ஏறத்தாழ 4 கிலோ. உடலெங்கும் நெடுநாள் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோய்க்காக 1990-இல் வகுத்த வரையறையில் வலிப்புள்ளிகளைச் சோதிக்கச் சொன்ன அளவும் அதுவே. இந்த அளவு கையில் பதியாதவர் ஒரு நோயாளியிடம் 2 கிலோவும் அடுத்தவரிடம் 6 கிலோவும் அழுத்திவிட்டு, முன்னவருக்கு வலி இல்லை, பின்னவருக்கு இருக்கிறது என்று எழுதி வைப்பார்.

இடக்குறிகளும் அப்படியே. இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளை இணைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் விழும் என்று புத்தகம் சொல்கிறது. அது எக்ஸ்ரே படத்தில் உண்மை. தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் தாண்டி விளிம்பைத் தொடும் விரல் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். அதனால் கைக்குக் கிடைக்கும் கோடு பல நேரம் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே விழும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாவது மார்பு முள்ளெலும்புக்கு நேர் என்பதும் கை தொங்கும் நிலைக்கு உரியது. குப்புறப் படுத்துக் கை நிலை மாறினால் கணக்கும் மாறும். இந்தத் திருத்தங்களைச் சொல்லித்தரும் ஆசிரியரை விட்டுவிடாதீர்கள். ஒரே இடக்குறியை நம்பாமல், மேலிருந்து எண்ணி ஒரு முறை, கீழே முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோணத் திரிக எலும்பிலிருந்து எண்ணி ஒரு முறை, தோலில் பென்சிலால் குறித்து இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வைப்பவர் அவர்.

தொட்டறிதலில் நேர்மையும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே முதுகைத் தொட்டு ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் வந்த திறனாய்வின்படி, எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்பதில் ஒத்துப்போவது அதிகம். எலும்பு எந்தப் பக்கம் நிற்கிறது, தசை எப்படி இருக்கிறது என்பதில் குறைவு. மாணவர்களை இணை இணையாக நிறுத்தி, ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமல் எழுத வைத்து, கடைசியில் இரண்டு தாளையும் ஒப்பிடும் வகுப்பு இருந்தால் அந்தப் பள்ளிக்கு என் முழு மதிப்பெண். ஒத்துவராததைப் பார்த்து முதல் ஆண்டு மாணவர்கள் கலங்கிப்போவார்கள். கலங்கட்டும். தன் விரல் எப்போது ஊகிக்கிறது, எப்போது உணர்கிறது என்று பிரித்தறியும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

செய்முறை வகுப்புக்கு வருவோம். மேசைதான் முதல் பாடம். பொதுவான தசை வேலைக்கு, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் மேசையின் மேல்தளத்தைத் தொட வேண்டும். இடுப்புத் த்ரஸ்டுக்கு, அதாவது முதுகெலும்பின் இடுப்புப் பகுதி மூட்டைச் சட்டென்று சிறிதாகத் தள்ளும் முறைக்கு, அதைவிட நன்றாகத் தாழ்த்த வேண்டும்; உடல் எடையைக் கீழே இறக்க இடம் வேண்டும் அல்லவா? ஒருவர் செய்து முடித்ததும் அடுத்தவர் மேசையை மாற்றாமலே தொடங்குவதுதான் வகுப்பில் அன்றாடம் நடக்கும் பிழை. உயரமான மேசையில் குட்டையான மாணவர் தோளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் பழகினால், அந்தப் பழக்கம் அவரோடு கிளினிக் வரை போகும். காலால் மிதித்து உயரம் மாற்றும் மேசைகள் உள்ள கூடம் நல்லது. நிலையான உயரத்தில் மரமேசைகள் மட்டும் இருக்கும் இடத்தில் நான்காண்டு படிப்பது முதுகுக்குக் கேடு.

லம்பார் ரோல் என்று எல்லாரும் சொல்லும் இடுப்புத் த்ரஸ்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பயிற்சியின் தரத்தை அளக்க இது ஒன்றே போதும். நோயாளி ஒருக்களித்துப் படுக்கிறார். கீழ்க்கால் நேராக இருக்கும். மேல்காலை மடக்கி, பாதத்தைக் கீழ்க்காலின் முழங்கால் மடிப்பில் செருகுகிறோம். செய்பவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் விரல் ஒன்று இலக்கான இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே. மேல்காலை மேலும் மடக்கும்போது அந்த இடைவெளி விரியத் தொடங்கும் நொடியில் நிறுத்த வேண்டும். பிறகு நோயாளியின் கீழ்க்கையைப் பிடித்துத் தன் பக்கமும் சற்று மேல்நோக்கியும் இழுத்தால் மேலுடம்பு திரும்பும். அந்தத் திருப்பம் ஒவ்வொரு முள்ளெலும்பாக இறங்கி விரலை வந்து தொடும் இடத்தில் மறுபடி நிறுத்தம். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த இழுவை ஒரே மூட்டில் சந்தித்துவிட்டது. இப்போது அந்த நிலை கலையாமல், நோயாளியை ஒரே கட்டையாகத் தன் பக்கம் உருட்டி, ஒரு முன்கையைப் பிட்டத்தின் மேலும் மற்றதை நோயாளியின் மேல்கைக்கும் விலாவுக்கும் இடையிலும் வைத்து, மிச்சமிருக்கும் தளர்வையும் எடுத்துவிட்டு, நோயாளி மூச்சு விடும்போது உடலைச் சட்டென்று கீழே இறக்கினால் போதும். அசைவு சிறியது, வேகம் அதிகம்.

இதில் எது தவறும் என்றால், ஏறக்குறைய எல்லாமே தவறும். போதுமான அளவு உருட்டாவிட்டால் விசை மூட்டுக்குப் போகாமல் மேசைக்குள் போகும். நோயாளி விலாவில் வலி என்பார். மேலுடம்பை அதிகம் திருகிவிட்டால் இழுவை இலக்கைத் தாண்டிப்போய்விடும். தொடையை அதிகம் மடக்கினால் பூட்டு விழும் மூட்டு மேலேறிவிடும், விரலுக்கடியில் இருக்கும் மூட்டு சும்மா கிடக்கும். எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறு: தள்ளுவதற்கு முன் வேகம் சேர்க்கிறேன் என்று ஒரு கணம் பின்வாங்குவது. அந்தக் கணத்தில் எடுத்து வைத்த தளர்வெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது, நோயாளியின் தசையும் ஏதோ வரப்போகிறது என்று இறுகிக்கொள்கிறது. அதன்பிறகு கொடுக்கும் விசை எத்தனை பெரிதானாலும் வீண். எதிரே நின்று பார்க்கும் ஆசிரியருக்கு இந்தப் பின்வாங்கல் கண்ணில் படவே படாது. மாணவரின் முதுகில் கை வைத்திருப்பவருக்கு உடனே தெரியும். கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டு வாயால் திருத்துபவருக்கும், பின்னால் வந்து நின்று தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் திருத்துபவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டாமவரின் பெயரைத்தான் முப்பது ஆண்டு கழித்தும் நன்றியோடு சொல்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டு சொடுக்கும் ஒலி, விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஒலி அல்ல. மூட்டு நீரில் வாயுக் குழி உண்டாவதோடு தொடர்புடையது என்று 1971-இல் அன்ஸ்வொர்த்தும் உடன் ஆய்ந்தவர்களும் விரல் மூட்டில் காட்டினார்கள். ஒருமுறை சொடுக்கிய மூட்டு மறுபடி சொடுக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பதும் அதில் உண்டு. 2015-இல் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, மூட்டு பிரியும் கணத்தில் குழி தோன்றுவதே தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எலும்பு விலகியிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று நோயாளியிடம் சொல்லப் பழக்கும் பயிற்சியை மன்னிக்க முடியாது. கேட்டவர் தன் முதுகு உடையக்கூடிய பொருள் என்று நம்பிக் குனியவே அஞ்சுவார்; அந்த அச்சமே வலியை நீட்டிக்கும்.

தசை ஆற்றல் முறை, ஸ்ட்ரெய்ன் கவுன்டர்ஸ்ட்ரெய்ன் இரண்டும் நன்றாகத் தேறும் பாடங்கள். அதிகம் விளக்கத் தேவையில்லை. முதலாவதில் மூட்டைத் தடை தொடங்கும் இடம் வரை கொண்டுபோய், நோயாளியை எதிர்ப்புறம் மெதுவாக 3 முதல் 5 நொடி தள்ளச் சொல்லி, தளர்ந்ததும் புதிய தடைக்கு நகர்ந்து, 3 முதல் 5 முறை திரும்பச் செய்வது. முழுப் பலத்தோடு தள்ளவிடுவதுதான் வழக்கமான பிழை. பெரிய தசைகள் பாய்ந்து வந்து சிறிய தசைகளின் வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் லாரன்ஸ் ஜோன்ஸ் வகுத்தது: வலிப்புள்ளியில் விரல் வைத்து, வலி முக்கால்வாசி அடங்கும் நிலையைத் தேடி, 90 நொடி பிடித்து, மிக மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது. 90 நொடியைக் கடிகாரம் பார்க்காமல் யாரும் முழுதாகக் காத்திருப்பதில்லை. வகுப்பில் கடிகாரம் வைக்காதவர் இதைச் சொல்லித்தரவில்லை என்றே கொள்ளலாம்.

மண்டையோட்டுப் பாடத்தில் என் மதிப்பீடு கடுமையானது. சதர்லாந்து பொட்டெலும்பின் சாய்ந்த விளிம்பைப் பார்த்து, இது அசைவதற்காக அமைந்தது என்று எண்ணினார். மண்டையோட்டு எலும்புகள் மெல்ல அசைகின்றன, அந்த அசைவைக் கையால் ஒரு தாளமாக உணரலாம் என்று அதிலிருந்து எழுந்த கோட்பாடு இது. நிமிடத்துக்கு இத்தனை முறை என்று சொல்லப்படும் அந்தத் தாளத்தை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே ஆளின் தலையிலும் காலிலும் கை வைத்து எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் எண்கள் ஒத்துவரவில்லை. ஆசிரியர் உணரச் சொன்னதை உணர்ந்தே ஆக வேண்டிய நெருக்கடி மாணவருக்கு இந்த வகுப்பில் போல வேறெங்கும் வருவதில்லை. உனக்கு ஒன்றும் தெரியவில்லையா, தெரியவில்லை என்றே எழுது என்று சொன்ன ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் மாணவர்களுக்குப் பெரிய கொடை செய்தார்கள். அசையாமல் கை வைத்து ஐந்து நிமிடம் பொறுமையாக இருக்கும் பயிற்சி பயனுள்ளதுதான். அதற்கு இந்தக் கோட்பாடு தேவையில்லை.

கிளினிக்கில்தான் படிப்பு தொழிலாகிறது. புதிய நோயாளியிடம் மாணவர் கேட்டு எழுதி, சோதித்துவிட்டு வெளியே வருவார். கதவுக்கு வெளியே மேற்பார்வை ஆசிரியர் ஐந்தே நிமிடத்தில் கேட்பது மூன்று கேள்வி: எந்தத் திசு வலிக்கிறது? ஏன் இவருக்கு? ஏன் இப்போது? முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு அவருடைய வேலை, உடலமைப்பு, பழைய காயம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான மாணவர்கள் மறுபடி அறைக்குள் திரும்பிப் போவார்கள். மூன்று வாரமாக வலிக்கிறது என்றால் மூன்று வாரத்துக்கு முன் என்ன மாறியது? நாற்காலியா, செருப்பா, தூக்கம் கெட்டதா, கீழே விழுந்ததா? எதுவுமே மாறவில்லை, இரவில் புரண்டு படுத்தாலும் வலி குறையவில்லை, எடையும் காரணமில்லாமல் குறைகிறது என்றால் அது கையால் தொட வேண்டிய வலியே அல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த அனுப்பும் அறிவுக்காகத்தான் நான்காண்டு. இரண்டு காலிலும் வலி இறங்குவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது மூன்றும் சேர்ந்தால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை; முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. வாத மூட்டழற்சி உள்ளவரின் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள இணைப்பு நார் தளர்ந்திருக்கக்கூடும். அங்கே த்ரஸ்ட் கூடவே கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் விலாவைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்தினால் முறியலாம். கழுத்துக்குத் த்ரஸ்ட் தருமுன் தலையைத் திருப்பிப் பிடித்து மயக்கம் வருகிறதா என்று பார்த்த பழைய சோதனையை மட்டும் இன்னும் சொல்லித்தரும் இடங்கள் உண்டு. அந்தச் சோதனை ஆபத்து உள்ளவரைப் பிரித்துக் காட்டாது. புதிதாக வந்த, இதுவரை இல்லாத தலைவலியா கழுத்துவலியா என்று கேட்பது, இரத்த அழுத்தம் அளப்பது, மூளையிலிருந்து நேராக வரும் மண்டை நரம்புகளைச் சோதிப்பது, ஆபத்தைச் சொல்லி ஒப்புதல் கேட்பது, இவைதான் இன்றைய பாடம். கிளினிக் அறையில் இரத்த அழுத்தக் கருவியும் முழங்கால் தட்டும் சுத்தியும் தூசி படிந்து கிடந்தால் அந்த இடத்தின் கிளினிக் எப்படி என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1000 மணி நேரம் என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். மூத்த மாணவரின் பின்னால் நின்று பார்த்ததும் மணி, நோயாளி வராமல் காத்திருந்ததும் மணி என்றால் கையில் தங்குவது கொஞ்சமே. தானே முதன்முதலில் பார்த்துக் கேட்டுச் சோதித்த புதிய நோயாளிகள் எத்தனை பேர், அதில் முதுகுவலி அல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதே பயனுள்ள கணக்கு. தோள், முழங்கால், கர்ப்பிணி, முதியவர், குழந்தை என்று கலந்து வராத கிளினிக்கில் படித்தவர் வெளியே வந்ததும் முதல் ஆண்டு முழுவதும் திணறுவார்.

குறைகளில் பெரியது, மாணவர்களின் உடம்பையே பயிற்சிப் பொருளாக்குவது. ஒரு பிற்பகலில் ஒரே கழுத்தில் ஐந்தாறு பேர் த்ரஸ்ட் பழகினால் அடுத்த நாள் அந்த மாணவர் தலையைத் திருப்ப முடியாமல் வருவார். யாருக்கு, எந்தப் பகுதியில், இன்று எத்தனை முறை என்று குறிப்பேடு வைத்து வரம்பு கட்டும் பள்ளிகளில் இந்தத் தொல்லை இல்லை. கடைசித் தள்ளலை விட்டுவிட்டு அதற்கு முந்தைய நிலை வரை மட்டுமே பத்து முறை பழக வைப்பது இன்னும் நல்ல வழி. லம்பார் ரோலில் பார்த்தது போல, திறன் இருப்பது தள்ளலுக்கு முன் உடலை நிலைப்படுத்துவதில்தான். கட்டைவிரலும் இப்படியே சேதமாகும். முதுகுத் தசையைக் கட்டைவிரல் நுனியால் ஆண்டுக்கணக்கில் குத்திப் பழகியவர்களுக்கு அதன் அடிமூட்டு தேய்ந்துவிடுகிறது. முழங்கை, முன்கை, மடக்கிய விரல் முட்டிகள் என்று மாற்றிப் பயன்படுத்த முதல் ஆண்டிலேயே பழக்காத ஆசிரியர் தன் மாணவரின் தொழில் ஆயுளைக் குறைக்கிறார்.

சேர நினைப்பவர்கள் அறிமுக நாளில் காட்டும் அழகான கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். இரண்டாம் ஆண்டின் செய்முறை வகுப்பு ஒன்றில், கடைசி ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். எல்லாரும் களைத்திருக்கும் நேரம் அது. ஒரு மேசைக்கு மூன்று பேர் சரியான கணக்கு: படுப்பவர், செய்பவர், பார்த்துச் சொல்பவர். ஐந்து பேர் நின்றால் இருவர் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேசை என்று எண்ணுங்கள். ஆறுக்கு மேல் போனால் எல்லா மேசைக்கும் அவர் கை போய்ச் சேராது. ஆள் மாறும்போது மேசையின் உயரமும் மாறுகிறதா? படுத்திருப்பவர் வலிக்கிறது என்றதும் செய்பவர் நிறுத்துகிறாரா? பார்த்துச் சொல்ல வேண்டிய மூன்றாமவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எத்தனை முறை மாணவரின் கையின் மேல் தன் கையை வைத்தார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.